முதல் நாளில் எல்லாம் தெரிந்துவிடாது
சிறார் சீர்திருத்த இல்லத்தில் ஒரு பிள்ளை சேர்ந்த அன்றே அதன் உடல், மனநிலை பற்றிய முழு மதிப்பீட்டையும் முடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது நடைமுறைக்கு ஒத்துவராது. அன்று பார்க்க வேண்டியது தற்கொலை எண்ணம், போதை திடீரென நின்றதால் வரும் நடுக்கம், உடல் காயம், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, அவ்வளவுதான். சிறாரின் மனநலச் சிக்கல்களைத் தேடும் மேசி-2 (MAYSI-2) போன்ற 52 ஆம்-இல்லை கேள்விகள் கொண்ட படிவம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அது சல்லடை மட்டுமே, நோயறிதல் அல்ல. பயந்துபோய், தூங்காமல் வந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே டிக் அடிக்கலாம். வாசிக்கத் தெரியாததை மறைக்கவும் இதே வேலையைச் செய்வார்கள் (இதைப் பலர் கவனிப்பதே இல்லை). கேள்வியை வாசித்துக் காட்டினால் பதில் மாறலாம். 'ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதும் முன் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். குடும்பம், படிப்பு, நண்பர்கள் பற்றிய விரிவான பேட்டி சில நாள் கழித்து, பெற்றோரிடம் தனியாக, பிள்ளையிடம் தனியாக. தான் சொல்வது வழக்கில் தனக்கு எதிராகத் திரும்புமா என்பதை முதலிலேயே விளக்காவிட்டால் பிள்ளை வாயே திறக்காது.