சிமெண்ட் வேண்டாம்

யார்க்‌ஷயர் டேல்ஸ் (இங்கிலாந்து) பகுதியில் சாந்து இல்லாமல் அடுக்கிக் கட்டும் கற்சுவர்கள் பற்றிய உங்கள் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் ‘இடிந்த இடத்தில் கொஞ்சம் சிமெண்ட் வைத்தால் நீண்ட நாள் நிற்கும்’ என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. சாந்து இல்லாததுதான் அந்தச் சுவருக்குப் பலமே. மழைத்தண்ணீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். தரை சற்று அமுங்கினாலும் கற்கள் தாமே நகர்ந்து உட்காரும். சிமெண்ட் வைத்தால் தண்ணீர் உள்ளே தங்கி, குளிரில் உறைந்து விரியும், அப்புறம் விரிசல்தான்.

பழுதுபார்ப்பதில் பெரிய வேலை, சரிந்த பகுதியைத் தேவைப்பட்டால் அஸ்திவாரம் வரை பிரித்து, கற்களை அளவுவாரியாகப் பரப்புவது. பிறகு கட்டும்போது ஒவ்வொரு கல்லும் கீழ்வரிசையின் இரண்டு கற்களுக்கு நடுவிலுள்ள மூட்டை மூடி உட்கார வேண்டும். நீளப்பக்கம் சுவருக்குள் போக வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நீளத்தை வெளியே காட்டினால் பிடிப்பு இருக்காது. சுவரின் இரு முகங்களுக்கும் நடுவே நிரப்பும் சின்னக் கற்களையும் கையால்தான் செருக வேண்டும். அள்ளிக் கொட்டினால் சுவர் வயிறு தள்ளிவிடும். பாதி உயரத்தில் இரு முகங்களையும் பிணைக்கும் நீளக்கற்கள், உச்சியில் கனமான மூடுகற்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: இந்தக் கலையை 2018ல் யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்த்தது குரோஷியா, கிரீஸ், இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில். 2024ல் அயர்லாந்து உட்பட மேலும் ஐந்து நாடுகள் சேர்ந்தன. பிரிட்டன் அதில் இல்லை. அங்கே 1968 முதல் இயங்கும் டிரை ஸ்டோன் வாலிங் அசோசியேஷன் (சாந்தில்லாக் கற்சுவர்ச் சங்கம்) பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாமே!