ஜென்டில் ஜயன்ட்டுக்கு ஒரு வரி போதாது

எழுபதுகளின் புரோகிரசிவ் ராக் (செவ்வியல் இசையும் ஜாஸும் கலந்த, சிக்கலான ராக் இசை) பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் யெஸ், ஜெனிசிஸ் குழுக்களுக்குப் பத்தி பத்தியாக இடம். அதே காலத்து பிரிட்டிஷ் குழுவான ஜென்டில் ஜயன்ட்டுக்கு ஒரே வரி. மனசு ஆறவில்லை. 1972இல் வந்த ‘ஆக்டோபஸ்’ ஆல்பத்தில் ‘நாட்ஸ்’ பாடலைக் கேளுங்கள். பலர் சேர்ந்து பாடும் பழைய ஐரோப்பிய மாட்ரிகல் பாட்டு போல, குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பின்னிக்கொள்ளும். கீபோர்டு வாசித்த கெர்ரி மின்னியர் லண்டன் ராயல் அகாடமியில் இசையமைப்பு படித்தவர். அந்தப் படிப்பு அடிக்கு அடி தெரியும். மேடையிலோ வயலின், ரெக்கார்டர் என்ற குழல், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரபோன் என்று ஆளாளுக்குக் கருவி மாற்றி வாசிப்பார்கள். 1980இல் குழு கலைந்தது. பின்னாளில் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் பழைய ஒலிப்பதிவுகளை மறுபடி கலந்து செய்த புது மிக்ஸில், இத்தனை நாள் என் காதுக்குத் தப்பிய இழைகள்கூடத் துல்லியமாகக் கேட்கின்றன. முதல் தடவை பிடிபடாது. தயவுசெய்து நாலு தடவையாவது கேளுங்கள்.