அரிசோனா எல்லையில் மிதந்தவை உளவு பலூன்கள் அல்ல

பாலைவனத்தின் மேல் வரிசையாக மிதக்கும் மஞ்சள் பலூன்கள், ஒவ்வொன்றிலும் பெரிய கண் வடிவம். "மெக்சிகோ எல்லையில் அமெரிக்க ராணுவம் பறக்கவிட்ட உளவு பலூன்கள்" என்ற குறிப்போடு இந்தப் படம் பகிரப்படுகிறது. இது தவறு.

இது ஒரு கலைப்படைப்பு. பூர்வகுடிக் கலைஞர்களின் குழுவான போஸ்ட்கமாடிட்டி, 2015 அக்டோபரில் நான்கு நாள் மட்டும் நிறுவியது. அரிசோனாவின் டக்ளஸ் நகருக்கும் மெக்சிகோவின் அகுவா பிரியெட்டாவுக்கும் இடையே, 10 அடி விட்டமுள்ள 26 பலூன்கள் சுமார் 2 மைல் தூரத்துக்கு நின்றன. வரிசை போகும் திசையைக் கவனியுங்கள். அது எல்லைவேலியை ஒட்டிப் போகவில்லை, குறுக்கே வெட்டிக் கடக்கிறது. 1850களில் அமெரிக்க அரசு மெக்சிகோவிடமிருந்து நிலத்தைப் பணம் கொடுத்து வாங்கி வரைந்த எல்லைக்கோடு, பூர்வகுடிகளின் நிலத்தைப் பிளந்தது. அந்தப் பிளவைத் தைக்கும் தையலாகத்தான் கலைஞர்கள் இதை நினைத்தார்கள். கண்ணின் வடிவம் பறவைகளை விரட்டக் கடையில் விற்கும் பலூனிலிருந்து வந்தது. அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடிகளிடம் திறந்த கண் தொன்மையான சின்னமும்கூட.

சரி, குழப்பம் ஏன்? அதே மாவட்டத்தில், ஹுவாசுகா ராணுவ முகாமில், எல்லையைக் கண்காணிக்கும் நிஜமான ரேடார் பலூன் இருக்கிறது. ஆனால் அது 200 அடிக்கு மேல் நீளமான வெள்ளை வான்கப்பல் வடிவம், 15,000 அடி உயரம் வரை போகும். அதில் கண் எதுவும் வரையப்படவில்லை. கண்காணிப்பை எதிர்த்துக் கேள்வி கேட்ட படைப்பையே கண்காணிப்புக் கருவி என்று பரப்புவது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் அநீதி. படத்தைப் பகிர்ந்தவர்கள் குறிப்பை மாற்றிவிடுங்கள்.