மூடப்போகும் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள்

அமெரிக்காவின் லாப நோக்குக் கல்லூரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தரப்புதான் கண்ணில் படும். ஏமாந்த மாணவர்கள், ஏமாற்றிய நிறுவனம். நடுவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களை யாரும் நினைப்பதில்லை. மாணவர்கள் பட்டது பெரிய அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்படி ஒரு வளாகம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே பாடம் நடத்தியவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

எந்தத் தொழில் நொடித்தாலும் அங்கே வேலை செய்பவர்களுக்குப் பயம் வரும். இங்கே வரும் பயம் வேறு மாதிரி. உங்கள் வேலை நிலைக்க வேண்டுமென்றால் முன்பின் தெரியாத ஒருவர் கடன் வாங்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். அவர் படித்து முடிக்கும்வரை இந்தக் கட்டடம் திறந்திருக்குமா என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமலே அவரை வரவேற்க வேண்டும். ஊழியர்களின் மனம் உடைவது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கல்லூரிகளின் வருமானத்தில் 90 சதவீதம் வரை மத்திய அரசின் கல்வி உதவியாகவும் கடனாகவும் வரலாம் என்கிறது சட்டம். முன்னாள் ராணுவத்தினரின் கல்விப் பணம் பல வருடங்கள் அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2023-இலிருந்துதான் அதையும் சேர்த்தார்கள். ஆக, மாணவர் சேர்ந்தால்தான் பணம். சில வாரங்களுக்கு ஒருமுறை புதுத் தொகுதி தொடங்கும், அதை 'ஸ்டார்ட்' என்பார்கள். வளாகத்தின் மூச்சே அந்த எண்ணிக்கைதான். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த வாரமே யாராவது ஒருவரின் மேசை காலியாகும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அட்ஜங்க்ட் என்று அழைக்கப்படும் பகுதிநேர ஆசிரியர்கள் நிலை இன்னும் மோசம். வகுப்பு தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது 'மாணவர்கள் போதவில்லை' என்று மின்னஞ்சல் வரும், அத்தோடு அந்தப் பருவத்தின் வருமானம் போய்விடும்.

சேர்க்கைப் பிரிவில் இருப்பவர்களை எல்லாரும் திட்டுவார்கள். செனட்டர் டாம் ஹார்கினின் குழு 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. 2010-இல் அந்த நிறுவனங்களில் மாணவர்களைச் சேர்க்க 35,202 பேர் இருந்தார்கள். படித்தவர்களுக்கு வேலை தேடித்தர 3,512 பேர். பத்துக்கு ஒன்று. இப்படி ஆள் வைத்தது மேலே இருந்தவர்களின் முடிவு. போனை எடுத்துப் பேசியவர்களில் பலர் வீட்டு வாடகைக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். நான் பார்த்த சேர்க்கை அலுவலர்களில் பலர் மாலையில் முகம் இருண்டுபோய்த்தான் கிளம்புவார்கள். 'அந்தப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள். அவரிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?' என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

இறங்குமுகத்தின் அறிகுறிகளை ஊழியர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். போன ஆளின் இடத்தை நிரப்ப மாட்டார்கள். இரண்டு நிலை வகுப்புகளை ஒரே அறையில் போடுவார்கள். ஆய்வகத்தில் மென்பொருள் உரிமம் காலாவதியாகிக் கிடக்கும். வளாக இயக்குநர் அடிக்கடி மாறுவார், வந்தவர் ஒவ்வொருவரும் 'டவுன்ஹால்' கூட்டம் போட்டு எல்லாம் சரியாகிவிடும் என்பார். கேள்வி கேட்டால் 'நெகட்டிவாகப் பேசாதீர்கள்' என்று பதில் வரும். எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். கணக்கை மறைத்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் உற்சாகமாக இல்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? ஊழியர்கள் கேட்டது உண்மை நிலவரம். கிடைத்தது கூட்டத்தில் கொடுத்த பீட்சா.

பல வளாகங்கள் வைத்திருந்த ஐடிடி டெக் என்ற லாப நோக்குக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்ட் 25 அன்று, அரசு உதவிப் பணத்தில் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று கல்வித்துறை தடுத்தது. செப்டம்பர் 6 அன்று எல்லா வளாகங்களையும் மூடிவிட்டார்கள். 8,000-க்கும் அதிகமானவர்களின் வேலை போனது. தடைக்கும் மூடலுக்கும் நடுவே பன்னிரண்டே நாள். பெரிய நிறுவனங்கள் மூடும்போது 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று 1988-லேயே சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் விதிவிலக்கும் உண்டு. 'நிறுவனத்தைக் காப்பாற்றப் பணம் திரட்டிக்கொண்டிருந்தோம், முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது கெட்டிருக்கும்' என்று வாதாடலாம். தொழிற்சாலைக்கு இது பொருந்துமோ என்னவோ, கல்லூரிக்குப் பொருந்தவே கூடாது. இங்கே அறிவிப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் புதிதாகச் சிலர் கடனில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆர்கசி பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2019-இல் அது மூடப்படும் சமயத்தில், வாடகை, சாப்பாடு போன்ற செலவுகளுக்காக மாணவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டிய சுமார் 1.3 கோடி டாலர் உதவிப் பணம் அவர்களுக்குப் போகவில்லை. ஊழியர் சம்பளம் உள்ளிட்ட செலவுகளுக்கு அந்தப் பணம் போனது. தன் மாணவரின் வாடகைப் பணத்தில் தனக்குச் சம்பளம் வந்தது என்று அப்புறம் தெரிந்துகொண்ட ஒரு பேராசிரியரை நினைத்துப் பாருங்கள். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் அது அவர் மனதை விட்டுப் போகுமா?

கல்லூரி மூடினால் அப்போது படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் கூட்டாட்சிக் கல்விக் கடனை ரத்து செய்யக் கோரலாம். அது வேண்டும், இன்னும் எளிதாக்க வேண்டும். ஊழியர்களுக்கு மிஞ்சுவது திவால் நீதிமன்றத்தில் ஒரு வரிசை. வராத சம்பளத்துக்கு ஓரளவு முன்னுரிமை உண்டு, அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. அங்கீகாரம் தரும் அமைப்புகள், மூடப்போகும் கல்லூரியிடம் 'மாணவர்கள் எங்கே படிப்பை முடிப்பார்கள்' என்று திட்டம் கேட்கின்றன. 'ஊழியர்களிடம் எப்போது சொல்வீர்கள், சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா' என்றும் அதே தாளில் கேட்கட்டும். அங்கீகார அமைப்பின் எச்சரிக்கைக் கடிதம் நிர்வாகத்துக்கு வரும் நாளிலேயே ஊழியர்கள் கையிலும் இருக்க வேண்டும். நிலவரம் தெரிந்த ஆசிரியர் மாணவரைச் சரியான நேரத்தில் வேறு கல்லூரிக்கு மாறச் சொல்வார். நிர்வாகம் பயப்படுவதும் அதற்குத்தான்.

இப்போது அப்படி ஓர் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மனச்சோர்வை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளச் சீட்டுகள், பணிச் சான்று, பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் இன்றே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். மூடும் நாளில் மின்னஞ்சல் திறக்காமல் போகலாம். பணக் கண்காணிப்பில் வைத்திருக்கும் கல்லூரிகளின் பட்டியலைக் கல்வித்துறை 2015-இலிருந்து வெளியிடுகிறது. அதில் இரண்டாம் நிலை என்றால், கல்லூரி முதலில் தன் கைப்பணத்தை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகுதான் அரசிடம் கேட்டு வாங்க வேண்டும். கையில் காசில்லாத நிர்வாகம் அதைத் தாங்குவது கஷ்டம். டவுன்ஹால் பேச்சை நம்புவதற்கு முன் அந்தப் பட்டியலில் உங்கள் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்லுங்கள், உங்களிடம் வந்து கேட்கும் மாணவரிடமும் சொல்லுங்கள்.