ஒன்பது அஞ்சுக்குப் புறப்படும் மகராசர்களுக்கு

திங்கட்கிழமை வந்தால் போதும், ஏழரையிலிருந்து ஒன்பது வரை பாளையங்கோட்டையில் பாதி வீட்டு வாசல்படிக்குப் பூட்டுதான். 'ராகுகாலம் முடியட்டும்வே!' தாம்பூலத் தட்டு காத்திருக்கும், வேன்காரர் காத்திருப்பார், இட்லி ஆறிப்போகும். பத்தரைக்கு எமகண்டம், ஒன்றரைக்குக் குளிகை. பன்னிரண்டு மணி நேரப் பகலில் நாலரை மணி நேரம் காலி! மிச்சத்தில்தான் மனுசன் பிழைக்கணும்.

சரி, கணக்காவது ஒழுங்கா? உதயம் முதல் அஸ்தமனம் வரை பகலை எட்டாக வகுக்கணும்; திங்களுக்கு இரண்டாம் பங்கு ராகு. காலண்டர்காரர் ஆறுக்கு உதயம், ஆறுக்கு அஸ்தமனம் என்று வைத்து ஒன்றரை மணியாகத் துண்டு போட்டுவிட்டார். தை மாதம் நெல்லையில் ஆறரை தாண்டாமல் சூரியன் என்றைக்கு உதிக்கிறதாம்? அப்போ ராகு எட்டைத் தாண்டித்தான் ஆரம்பம், ஒன்பதரை வரை ஓட்டம். ஒன்பது அஞ்சுக்குத் தேங்காய் உடைத்துக் கிளம்பும் மகராசன் நட்டநடு ராகுகாலத்தில்தான் வண்டியைக் கிளப்புகிறார்! ஏழரைக்கே போயிருந்தால் ராகு தூங்கிக்கொண்டல்லவா இருந்திருப்பார்?

இதைச் சொன்னால் 'குதர்க்கம் பேசாதல' என்பார்கள். ரயில்காரனிடம் போய்ச் சொல்லிப் பாருங்களேன், ராகுகாலம் முடியட்டும் என்று!