பூஜ்ஜியம் என்று எழுதிக்கொடுத்த ஊர்கள்

எங்கள் பக்கத்துத் தமிழர் வாட்ஸப் குழுவில் சமீபத்தில் ஒரு சண்டை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், ஹார்ட்ஃபர்ட் நகரைச் சுற்றியுள்ள புறநகர் ஒன்றில் அடுக்ககம் வரப்போகிறது. அதில் ஒரு பங்கு வீடுகள் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு. ஒருவர் செய்தியைப் போட்டதுதான் தாமதம், ஸ்கூல் ரேட்டிங், வீட்டு விலை, டிராஃபிக், "அந்த மாதிரி ஆட்கள்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை நம்பி இங்கே வந்து குப்பை கொட்டுகிறவர்கள்தாம், என்னையும் சேர்த்து. கடைசியில் ஒரு நண்பர் போட்ட வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம்: "ஹார்ட்ஃபர்ட்டுக்குத்தான் வருஷா வருஷம் ஃபெடரல் பணம் கொட்டுதே, அங்கேயே கட்டிக்கட்டுமே. இங்கே எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடப் பதில் இருக்கிறது. குழுவில் போட்டால் நீளம் பார்த்து ஒதுக்கிவிடுவார்கள். இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன பணம் என்று பார்ப்போம். 1974 ஆகஸ்டில், அதிபராகி இரண்டே வாரம் ஆன ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை குடிசைப் பகுதி சீரமைப்புக்கு ஒன்று, குடிநீர், சாக்கடைக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாஷிங்டனிடம் விண்ணப்பித்துக் காத்திருந்த நகரங்களுக்கு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மானியமாக, ஒரு சூத்திரப்படி, போட்டியில்லாமல் கொடுப்பது என்று முடிவானது. அதுதான் சிடிபிஜி, அதாவது சமூக மேம்பாட்டுத் தொகுப்பு மானியம். செலவை ஊரே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆனால் பணத்தில் 70 சதவீதமாவது குறைந்த வருமானக்காரர்களுக்கும் நடுத்தர வருமானக்காரர்களுக்கும் பயன்பட வேண்டும். சமூக சேவைகளுக்கு 15 சதவீதத்துக்கு மேலும், நிர்வாகத்துக்கும் திட்டமிடலுக்கும் 20 சதவீதத்துக்கு மேலும் போகக்கூடாது. 1990-இல் வாடகை வீடு, சொந்த வீடு இரண்டுக்கும் என்றே ஹோம் என்ற இன்னொரு மானியம் வந்தது. இன்று நாடு முழுமைக்குமாக முதலாவதில் ஆண்டுக்கு சுமார் 330 கோடி டாலர், இரண்டாவதில் 125 கோடி. பெரிய தொகையாகத் தெரியும். ஆயிரத்துச் சொச்சம் நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஐம்பது மாநிலங்களுக்கும் பிரித்துப் பாருங்கள். ஹார்ட்ஃபர்ட்டுக்குச் சிடிபிஜியில் கிடைப்பது முப்பது லட்சம் டாலரைக் கொஞ்சம் தாண்டும். பக்கத்துப் புறநகரான கிளாஸ்டன்பரியில் நாலைந்து நல்ல வீடு வாங்கினால் பெரும்பகுதி கரைந்துவிடும். இதைத்தான் நம்மவர் "கொட்டுது" என்கிறார்.

1974 சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. பணம் வாங்கும் ஊர் ஒரு வீட்டுவசதித் திட்டமும் கொடுக்க வேண்டும். அதில் இப்போது ஊரில் இருக்கும் ஏழைகளின் தேவையோடு, வேலை வாய்ப்பை ஒட்டி இனி குடிவரக்கூடிய ஏழைகளின் தேவையையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். பூங்காவுக்கும் சாலைக்கும் புறநகர்கள் மானியம் வாங்கிக்கொள்ளட்டும், பதிலுக்கு நகரத்தின் ஏழைகளில் ஒரு பங்குக்கு இடம் கொடுக்கட்டும் என்பதுதான் எண்ணம். நல்ல பேரம்.

ஹார்ட்ஃபர்ட்டைச் சுற்றியிருந்த ஏழு ஊர்கள் விண்ணப்பித்தன. மேற்கு ஹார்ட்ஃபர்ட், கிழக்கு ஹார்ட்ஃபர்ட், கிளாஸ்டன்பரி, ஃபார்மிங்டன், என்ஃபீல்டு, வெர்னன், விண்ட்சர் லாக்ஸ். நம் குழுவில் பாதிப்பேருடைய முகவரி இதற்குள் அடங்கிவிடும். இனி வரக்கூடிய ஏழைகள் எத்தனை பேர் என்ற இடத்தில் இவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் காட்டவில்லை. பூஜ்ஜியம். ஃபெடரல் வீட்டுவசதித் துறையும், கணக்குப் போட விவரம் போதவில்லை என்றால் பூஜ்ஜியம் போட்டாலும் சரி என்று வழிவிட்டு மானியத்துக்கு ஒப்புதல் தந்தது. காப்பீட்டுத் தலைநகரம் என்று பேரெடுத்த நகரத்துக்குப் பக்கத்திலேயே அலுவலகங்களும் கடைகளும் பெருகிக்கொண்டிருந்த ஊர்கள் இவை. அலுவலகம் துடைப்பவருக்கும் கடையில் நிற்பவருக்கும் வீடு தேவைப்படாதாம்.

ஹார்ட்ஃபர்ட் சும்மா இருக்கவில்லை. நகர மன்றத்தை அப்போது வழிநடத்திய நிக்கலஸ் கார்போன் முன்னின்று வழக்குப் போட வைத்தார். ஒரு நகரம் தன் பக்கத்து ஊர்களுக்கு மானியம் போகக்கூடாது என்று நீதிமன்றம் போனது அன்று பெரிய சேதி. 1976 ஜனவரியில் நீதிபதி புளூமன்ஃபீல்டு நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிப் பணத்தை நிறுத்தினார். அடுத்த வருடமே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதைக் கவிழ்த்தது. பூஜ்ஜியம் சரி என்று அவர்கள் சொல்லவில்லை, கவனியுங்கள். வழக்குப் போட ஹார்ட்ஃபர்ட்டுக்குத் தகுதியில்லை, அந்த மானியம் நின்றால் இவர்களுக்கு என்ன லாபம் என்று நிரூபிக்கவில்லை என்றார்கள். பூஜ்ஜியம் சரியா தப்பா என்ற கேள்வி அப்படியே கிடப்பில் போயிற்று.

அதைவிட வேடிக்கை, ஹார்ட்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில், இன்று நம் ஆட்கள் நிறைந்திருக்கும் மான்செஸ்டரில் நடந்தது. 1979-இல் ஊர் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். மானியம் வாங்கினால் குறைந்த வருமானக்காரர் வீடுகளுக்கும் பொறுப்பேற்க வேண்டுமே என்று, மானியமே வேண்டாம் என்று பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள். எனக்கு ஒரு வகையில் மான்செஸ்டர்மேல் மரியாதை உண்டு. மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டுப் பணத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். மற்ற ஊர்கள் பணத்தையும் வாங்கிக்கொண்டு பூஜ்ஜியமும் எழுதின. (பின்னாளில் மான்செஸ்டர் திட்டத்துக்குத் திரும்பி வந்துவிட்டது, இப்போது மானியம் வாங்குகிறது.)

இது பழங்கதைதானே என்பீர்கள். பூஜ்ஜியத்தை இப்போது அப்படி அப்பட்டமாக யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான். அது சூத்திரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

மானியத்தைப் பிரிக்க இரண்டு சூத்திரம் உண்டு. எதில் அதிகம் வருகிறதோ அது. பழைய நகரங்களுக்குச் சாதகமாக 1977-இல் சேர்த்த இரண்டாவது சூத்திரத்தில் வறுமைக்கு 30 சதவீதம், 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50 சதவீதம், மக்கள்தொகை வளர்ச்சியில் பின்தங்கியதற்கு 20 சதவீதம். பழைய வீடு என்றால் இடிந்த வீடு, வளர்ச்சி இல்லை என்றால் சரிந்துவரும் ஊர் என்று நினைத்துப் போட்டது. ஆனால் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் மாதிரி ஊரில் 1940-க்கு முந்தைய வீடு என்றால் பல லட்சம் டாலர் விலைபோகும் பங்களா. அரை ஏக்கருக்குக் குறைந்து மனை கிடையாது, அடுக்ககத்துக்கு அனுமதி கிடையாது என்று மண்டலச் சட்டம் போட்டு ஆட்களை உள்ளே விடாமல் வைத்திருந்தால் மக்கள்தொகை வளராதுதான். சூத்திரம் அதையும் பின்தங்கல் என்று படித்துக்கொண்டு மானியத்தைக் கூட்டிக் கொடுக்கும். கதவைச் சாத்தியதற்குப் பரிசு!

பணம் வந்தபிறகு என்ன ஆகிறது? நடைபாதை, விளக்கு, பூங்கா மாதிரி பொதுவேலை என்றால் அந்த வட்டாரத்தில் 51 சதவீதம் பேராவது வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பணக்கார ஊரில் அப்படி வட்டாரமே இருக்காதே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். இருப்பவற்றில் ஏழ்மை அதிகமான கால்பங்கு வட்டாரங்களை எடுத்துக்கொண்டால் போதும், 51 தேவையில்லை. அடுத்தது முதியோர். முதியவர்கள், கடுமையான உடற்குறை உள்ளவர்கள் போன்ற சில பிரிவினர் குறைந்த வருமானக்காரர் என்று விதியே அனுமானித்துக்கொள்கிறது. வருமானச் சான்று கேட்க வேண்டாம். ஆகவே முதியோர் மையத்துக்குப் புதுக் கூரை, நூலகத்துக்குச் சக்கர நாற்காலிச் சாய்தளம், நடைபாதைக்குச் சிமெண்ட். எல்லாம் சட்டப்படி சரி. தேவையும்கூட, மறுக்கவில்லை. ஆனால் சொந்த வரிப்பணத்தில் செய்துகொள்ளக்கூடிய ஊர், ஏழைகளுக்கென்று வந்த பணத்தை எடுத்து இதைச் செய்துவிட்டு, 70 சதவீத விதியையும் குறையில்லாமல் நிறைவேற்றிவிட்டதாக வருட அறிக்கையில் காட்டிவிடலாம். அந்த அறிக்கையில் குழந்தை குட்டியோடு வாடகைக்கு வீடு தேடும் குடும்பம் ஒன்றுகூட இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஹோம் பணத்தின் கதை வேறு. அதைச் சூத்திரப்படி நேரடியாக வாங்க ஒரு குறைந்தபட்சத் தொகை வர வேண்டும். சின்னப் புறநகர்களுக்கு வராது, மாநிலத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டும். யார் கேட்கப்போகிறார்கள்? ஆகவே வீடு கட்டும் பணம் ஹார்ட்ஃபர்ட், நியூ பிரிட்டன் போன்ற ஏழை நகரங்களிடம் போய்ச் சேர்கிறது, வீடும் அங்கேயே எழும்புகிறது. பிறகு நாம், "பாருங்கள், அங்கேதான் ஏழைகள் குவிந்திருக்கிறார்கள்" என்கிறோம்.

ஹார்ட்ஃபர்ட்டின் நிலத்தில் சுமார் பாதிக்குச் சொத்து வரி கிடையாது, தெரியுமா? மாநிலத் தலைமைச் செயலகம், அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள், தேவாலயங்கள். இவை எல்லாம் சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் பயன்படுகின்றன, இடம் மட்டும் ஹார்ட்ஃபர்ட்டுடையது. மீதிப் பாதியிடம் வசூலித்துக் காலம் தள்ள வேண்டியிருப்பதால் வரி விகிதம் மாநிலத்திலேயே மிக அதிகம். "அங்கேயே கட்டட்டும்" என்பதற்கு அர்த்தம், வரியில்லாத பாதிக்குப் பக்கத்தில் வரி குறைவாகத் தரும் வீடுகளை இன்னும் கொஞ்சம் ஏற்றிவைப்பது.

நகரங்கள் செய்வது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எந்த நகரத்தின் ஆண்டுத் திட்டத்தையும் திறந்து பாருங்கள், சமூக சேவைக்கான அந்த 15 சதவீதத்தைச் சுண்டல் விநியோகிப்பதுபோல ஆளுக்கொரு கை என்று இருபது முப்பது அமைப்புகளுக்குப் பிரித்திருப்பார்கள். ஒரு கோடைக்கால முகாமுக்குக் கொஞ்சம், ஒரு உணவு வங்கிக்குக் கொஞ்சம். அந்தச் சின்னத் தொகைக்கும் ஃபெடரல் கணக்கு வழக்கு முழுசாக எழுத வேண்டும். மன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தன் வார்டு அமைப்பு ஒன்று பட்டியலில் இருக்க வேண்டும், அதுதான் உண்மைக் காரணம். பணத்தை வருடக் கணக்கில் தூங்கவிடவும் முடியாது: திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது கையிருப்பு ஒரு வருட மானியத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். அதனால் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை பின்னுக்குப் போய், சீக்கிரம் செலவாகும் தார்ச்சாலை முன்னுக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால், ஹார்ட்ஃபர்ட்டில் ஈயம் கலந்த பெயிண்ட் உரியும் பழைய ஆறு குடித்தன வீடுகளைத் தெருத் தெருவாகப் பழுது பார்ப்பதற்கு மேல் முக்கியமானது எதுவுமில்லை. அந்த ஈயம் குழந்தைகளின் மூளைக்குள் போகிறது. கோடை முகாமுக்கு வேறு நன்கொடையாளர் கிடைப்பார்கள்.

இப்போது நம்மிடம் வருகிறேன். இந்த வருமான வரம்பு எவ்வளவு என்று குழுவில் யாராவது பார்த்தீர்களா? வட்டாரத்து நடுமட்ட வருமானத்தில் 80 சதவீதம். ஹார்ட்ஃபர்ட் வட்டாரத்தில் நாலு பேர் குடும்பம் வருடத்துக்கு 90,000 டாலர் சம்பாதித்தாலும் அதற்குள் வரும். எச்-1பி வேலை விசாவில் புதிதாக வந்து, மனைவிக்கு வேலை அனுமதி இல்லாமல், இரண்டு பிள்ளைகளோடு ஒரே சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் கன்சல்டன்ட் தம்பிகள் எத்தனை பேர் நம் குழுவிலேயே இருக்கிறார்கள்! "அந்த மாதிரி ஆட்கள்" என்று நீங்கள் எழுதியதை அவர்களும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு தம்பி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "அண்ணா, நானும் அந்த லிமிட்டுக்குள்ளதான் வர்றேன் போல" என்று.

வீட்டு விலை விழுந்துவிடும் என்ற பயத்தை நான் கிண்டல் செய்யவில்லை. முப்பது வருடக் கடனை முதுகில் வைத்துக்கொண்டு யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் மாநிலத்தில் 1989-இலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது: ஊரில் 10 சதவீத வீடுகள்கூட மலிவு வகையில் இல்லாமல், கட்டுமானக்காரரின் விண்ணப்பத்தை ஊர் நிராகரித்தால், அவர் வழக்குப் போடலாம், காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு ஊருடையது. 169 ஊர்களில் பத்து சதவீதத்தைத் தொட்டவை சுமார் முப்பதுதான். ஆக, எங்கே எப்படி வரவேண்டும் என்று ஊரே முன்கூட்டித் திட்டமிட்டால் நாம் சொல்வதற்கு இடமிருக்கும். இல்லாவிட்டால் வக்கீல்தான் இடத்தைத் தீர்மானிப்பார்.

இந்தப் பணமே இன்னும் எத்தனை நாளைக்கு என்பதும் ஒரு கேள்வி. 2026 நிதியாண்டுக்கு வெள்ளை மாளிகை முன்வைத்த திட்டத்தில் சிடிபிஜி, ஹோம் இரண்டுக்கும் ஒரு டாலர்கூடக் கிடையாது. இதற்கு முன்பும், 2017-இல் அப்படித்தான் கேட்டார்கள், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இணங்கவில்லை. புறநகர்க்காரர்களும் வாங்குவதால்தான் இரண்டு கட்சிக்காரர்களும் காப்பாற்றுகிறார்கள் என்பது இதில் ஒரு கசப்பான உண்மை. ஏழை நகரங்களுக்கு மட்டும் என்று இருந்திருந்தால் எப்போதோ மூடியிருப்பார்கள்.

எங்கள் ஊர் இந்த வருடத் திட்டத்தின் வரைவை வெளியிட்டதும் நான் எழுதி அனுப்பப்போவது இது. சிடிபிஜியில் புதுவீடு கட்ட அநேகமாக அனுமதி இல்லை என்று ஊர் அதிகாரிகள் கைவிரிப்பார்கள். சரி. ஆனால் அதே பணத்தில் வீடு கட்ட நிலம் வாங்கலாம், அந்த நிலத்துக்குத் தண்ணீர்க் குழாயும் சாலையும் போடலாம், பழைய வீட்டைப் பழுதுபார்த்து வாடகைக்கு விடச் செய்யலாம். நடைபாதையை நம் சொந்த வரியில் போட்டுக்கொள்வோம், மானியத்தில் மூன்று வருடத்துக்கு நிலம் வாங்குங்கள். கருத்துச் சொல்ல 30 நாள் தருவார்கள். எழுதி அனுப்பிய கருத்துகளின் சுருக்கத்தைத் திட்டத்தோடு சேர்த்தே வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். ஏற்காததற்கு ஏன் ஏற்கவில்லை என்று காரணமும் எழுத வேண்டும். அந்தக் காரணத்தைப் படிக்க எனக்கு ஆசை. என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கடிதத்தின் நகலை அனுப்புகிறேன்.