121 தோல்விக்கும் மேனேஜர்தான் காரணமா?

2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆடிய 162 ஆட்டத்தில் வெற்றி 41, தோல்வி 121. 1900-க்குப் பிறகு மேஜர் லீக் பேஸ்பாலில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை தோற்றதில்லை. அதற்கு முன் 1962 நியூயார்க் மெட்ஸ் 120 தோற்றிருந்தது. ஆனால் மெட்ஸ் அந்த வருடம்தான் பிறந்த அணி, மற்றவர்கள் கழித்துவிட்ட ஆட்களை வைத்து ஆடியது. ஒயிட் சாக்ஸோ 2021-ல் 93 வெற்றியோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி. அதனால்தான் இது மனதை அறுக்கிறது.

இந்த சீசனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள்: ஒன்று கெட்ட நேரம், இன்னொன்று மேனேஜர், அதாவது களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளர். இரண்டும் கணக்குக்கு நிற்காது.

கெட்ட நேரம் இருந்தது உண்மை. மே 23 அன்று பால்டிமோருக்கு எதிராக கடைசிச் சுற்றான 9-வது இன்னிங்ஸில் ஒயிட் சாக்ஸின் பெனின்டெண்டி அடித்த பந்து இன்ஃபீல்டுக்குள்ளேயே (பேஸ்களை ஒட்டிய உள்பகுதி) உயரே போனது. அவர் அவுட். இரண்டாம் பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) இருந்த சக ஆட்டக்காரர் வான், ஃபீல்டருக்குக் குறுக்கே வந்தார் என்று அவரும் அவுட். ஆட்டம் 8-6 என ஒயிட் சாக்ஸின் தோல்வியாக அங்கேயே முடிந்தது. ஆனால் முழு சீசனின் ரன்களை எடுத்துப் பாருங்கள். அடித்தது 507, கொடுத்தது 813. அடித்த ரன்னின் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.28 வரும். அந்த ரன்களுக்கு வந்திருக்க வேண்டிய வெற்றி விகிதம் அது. அதை 162-ஆல் பெருக்கினால் 45 வெற்றி. கெட்ட நேரம் தின்றது நாலு ஆட்டம், அவ்வளவுதான்.

மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை ஆகஸ்ட் 8-ல் நீக்கினார்கள். அதுவரை 28 வெற்றி, 89 தோல்வி. பிறகு வந்த கிரேடி சைஸ்மோர் கையில் 13-32. கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அந்த வேகத்தில் முழு சீசன் ஆடியிருந்தாலும் 115 தோல்வி வந்திருக்கும்.

தோல்வி எழுதப்பட்டது அணியைக் கட்டிய குளிர்காலத்தில். ஆட்களை எடுப்பதும் விற்பதும் பார்க்கும் பொது மேலாளர் கிறிஸ் கெட்ஸ் ஃபீல்டிங்கை நம்பி டிஜாங், நிக்கி லோபஸ், கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) மால்டொனாடோ என்று ஆட்களை எடுத்தார். சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில் முதன்மை ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர்) டிலன் சீஸை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டார். பேட்டிங்குக்கு மிஞ்சியது லூயிஸ் ராபர்ட், மொன்காடா, ஹிமெனெஸ் மூவரும்தான். மூவரும் அடிக்கடி காயம்படுகிறவர்கள் என்பது ஊருக்கே தெரியும். ஏப்ரலிலேயே ராபர்ட்டும் மொன்காடாவும் காயத்தால் வெளியே போனார்கள். மொன்காடா அந்த வருடம் ஆடியது வெறும் 12 ஆட்டம். அந்த இடத்தை நிரப்ப பெஞ்சில் ஆள் இல்லை. தொடக்கமே 3-22. மால்டொனாடோவின் பேட்டிங் சராசரி .119, அதாவது ஆயிரத்துக்கு 119 ஹிட். அணி முழுவதுமாக, ஆயிரம் முறை பேட்டிங்குக்கு வந்தால் பேஸை அடைந்தது 278 முறை மட்டும். ஆட்டத்துக்கு 3.1 ரன், மற்ற அணிகள் சராசரியாக 4.4-ஐ ஒட்டி எடுத்தன.

குறைவான ரன் பிட்சிங்கையும் (பந்துவீச்சையும்) உடைக்கும். ஒரு ரன் முன்னிலையில் 7-வது இன்னிங்ஸுக்குப் போனால், ஒவ்வொரு நாளும் புல்பென்னின் (ஸ்டார்ட்டருக்குப் பிறகு வந்து வீசுபவர்களின்) சிறந்த ஆட்களையே இறக்க வேண்டியிருக்கும். 26 பேர் பட்டியலில் பிட்சர்கள் அதிகபட்சம் 13. ஸ்டார்ட்டர்கள் 5 போக மிச்சம் 8. அணியின் சிறந்த பிட்சர் கேரட் குரோஷே அதற்கு முன் ஒரு ஆட்டத்தைக்கூட ஸ்டார்ட்டராகத் தொடங்கியதில்லை, முழங்கை அறுவை செய்துகொண்டவர். அதனால் ஜூலையிலிருந்து அவரை 4 இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். 146 இன்னிங்ஸில் 209 ஸ்டிரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமல் ஆகும் அவுட்) எடுத்த கை அது. அதைக் காத்தது முற்றிலும் சரி. ஆனால் மிச்சம் 5 இன்னிங்ஸ் புல்பென் தலையில் விழும், அடுத்த நாளுக்கு ஓய்வெடுத்த கை இருக்காது. ஜூலைக் கடைசியில் அந்தப் புல்பென்னிலிருந்தே கோபெக்கையும் பேங்க்ஸையும், ஸ்டார்ட்டர்களில் ஃபெட்டியையும் விற்றார்கள். ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை தொடர்ந்து 21 தோல்வி வந்ததில் வியப்பென்ன?

"தோற்றால் நல்ல டிராஃப்ட் (புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) கிடைக்குமே" என்பவர்களுக்கு: கிடைக்கவில்லை. வருவாய்ப் பகிர்வில் (பணக்கார அணிகள் மற்ற அணிகளுக்குத் தரும் ஏற்பாடு) பணம் பெறாத அணி அடுத்தடுத்த வருடங்களில் லாட்டரி இடம் (குலுக்கலில் தரும் முன்வரிசை இடம்) பெறக்கூடாது என்பது விதி. 2024-ல் 5-வது இடம் வாங்கிவிட்டதால், 121 தோல்விக்குப் பிறகும் 2025-ல் கிடைத்தது 10-வது இடம். விதி நியாயமானதுதான் என்பேன். சிகாகோ போன்ற பெரிய நகரத்து அணிக்குத் தோற்றுச் சம்பாதிக்கும் வழி இருக்கக்கூடாது.

அந்த வருடத்திலிருந்து உருப்படியாகக் கிடைத்தது குரோஷே ஒருவர்தான். டிசம்பரில் அவரை பாஸ்டனுக்குக் கொடுத்து, கேட்சர் கைல் டீல் உட்பட நாலு இளம் ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். 2025-ல் 60-102.